கையில் இருக்கும் நாள்

“நேரமே போதவில்லை.” கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்வோரிடம் அடிக்கடி கேட்கக்கூடிய பேச்சு இது. விடியற்காலையில் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு வேலைக்குப் புறப்படும் பெற்றோர் இதைச் சொல்கின்றனர். பள்ளி, புறப்பாட நடவடிக்கை, மாலை நேரக் கூடுதல் வகுப்பு என்று ஓடிக்கொண்டிருக்கும் மாணவர்களும் இதையே சொல்கின்றனர். இதனோடு இன்னொரு குறையும் சேர்ந்தே வரும். “ரயில் தாமதமானது; இன்றைய நாளே கெட்டுப்போனது.” “நண்பன் அப்படிப் பேசிவிட்டான். இன்று படிக்கவே மனம் வரவில்லை.” நாள் சிறியது என்பது முதல் குறை. நாளைப் பிறர் பாழாக்கிவிட்டனர் என்பது இரண்டாவது குறை.

இவ்விரு குறைகளுக்கும் வழக்கமாகச் சொல்லப்படும் மருந்து கால அட்டவணை. அட்டவணை நல்லதுதான். ஆயினும், மழையையும் ரயிலையும் பிறர் மனத்தையும் எந்த அட்டவணையாலும் கட்டிப்போட முடியாது. வரைந்து வைத்த கட்டங்களுள் ஒன்று சரிந்தால், மற்றவையும் அதனோடு சரிந்துவிடுகின்றன. ஆகவே, ஒரு நாளை நன்கு பயன்படுத்த விரும்பும் மாணவருக்கு அட்டவணைக்கு முன்பாக வேறொன்று தேவைப்படுகிறது. தன்னால் ஆவது எது, ஆகாதது எது என்று பிரித்தறியும் பழக்கமே அது. இப்பழக்கத்தைத் தெளிவாகக் கற்பித்தவர்கள் பண்டைய கிரேக்கத்திலும் ரோமிலும் வாழ்ந்த ஸ்டோயிக் சிந்தனையாளர்கள். அவர்களுடைய சிந்தனை இன்றைய மலேசிய மாணவருக்கும் பெரிதும் பயன்படக்கூடியது.

இச்சிந்தனை ஓர் இழப்பிலிருந்து பிறந்ததாகச் சொல்லப்படுகிறது. சைப்பிரஸ் தீவைச் சேர்ந்த சீனோ என்பவர் வணிகர். அவர் சரக்கேற்றி வந்த கப்பல் கடலில் சிதைந்தது. பொருளை இழந்து ஏதென்ஸ் நகரை அடைந்த அவர், ஒரு நூல் வணிகரின் கடையில் சாக்ரட்டீசைப் பற்றிய நூல் ஒன்றைக் கேட்க நேர்ந்தது. அதனால் ஈர்க்கப்பட்டுத் தத்துவம் பயிலத் தொடங்கினார். பின்னர், கி.மு. 300ஆம் ஆண்டு வாக்கில், சித்திரங்கள் தீட்டப்பட்ட ஒரு தூண் மண்டபத்தில் மாணவர்களுக்குக் கற்பித்தார். அம்மண்டபத்தின் கிரேக்கப் பெயரான ‘ஸ்டோவா’ என்பதிலிருந்தே ‘ஸ்டோயிக்’ என்ற பெயர் வந்தது.

சீனோவுக்குப் பின் சில நூற்றாண்டுகள் கழித்து, ரோமானியப் பேரரசில் இச்சிந்தனை புகழ்பெற்றது. அக்காலத்தவருள் மூவரை இன்றும் உலகம் படித்துவருகிறது. செனெக்கா செல்வந்தர், நீரோ மன்னனுக்கு ஆசிரியராகவும் ஆலோசகராகவும் இருந்தவர். எபிக்டெட்டஸ் அடிமையாக வளர்ந்தவர், கால் ஊனமுற்றவர். மார்க்கஸ் அரேலியஸ் கி.பி. 161 முதல் 180 வரை ரோமை ஆண்ட பேரரசர். செல்வந்தர், அடிமை, பேரரசர் ஆகிய மூவருக்கும் ஒரே சிந்தனை துணை நின்றது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. வாழ்க்கைச் சூழல் எதுவாயினும், ஒருநாளை எவ்வாறு வாழ்வது என்ற கேள்வி மூவருக்கும் பொதுவாகவே இருந்தது.

முதலில் செனெக்காவின் கருத்தைக் காண்போர் சற்றுத் திடுக்கிடக்கூடும். வாழ்க்கை குறுகியது என்று புலம்புவோரை நோக்கி, வாழ்க்கை குறுகியதன்று. அதில் பெரும்பகுதி வீணாக்கப்படுகிறது என்று அவர் வாதிட்டார். இக்கருத்தை வாழ்க்கையின் குறுமை பற்றிய தம் நூலில் அவர் விரிவாக எழுதினார். அந்நூல் பாலினஸ் என்பவரை நோக்கி எழுதப்பட்டது. ரோம் நகருக்குத் தேவையான தானியங்கள் குறையாமல் வந்து சேர்வதைக் கண்காணிக்கும் பெரும்பொறுப்பு அவருடையது. இன்றைய வழக்கில் சொன்னால், கிள்ளான் துறைமுகம் போன்றதொரு துறைமுகத்தின் சரக்குக் கணக்கை நாள்தோறும் கவனிக்கும் அதிகாரியின் வேலைக்கு ஒப்பானது அது. மூட்டை மூட்டையாகத் தானியத்திற்குக் கணக்கு வைத்திருந்த அந்த மனிதரிடம், சொந்த வாழ்நாளுக்குக் கணக்கு உண்டா என்ற கேள்வியை அந்நூல் எழுப்பியது.

பணத்தைக் காப்பதில் மக்கள் மிகவும் கவனமாக இருக்கின்றனர். காலத்தைக் கொடுப்பதில் மட்டும் கைநீட்டுவோருக்கெல்லாம் அள்ளி வழங்குகின்றனர். இதுதான் செனெக்கா கண்ட முரண்பாடு. இன்றும் அதில் மாற்றமில்லை. சட்டைப்பையிலிருந்து பத்து ரிங்கிட் காணாமற்போனால் வீடு முழுவதும் தேடும் மாணவர், கைப்பேசித் திரையில் ஒரு மணி நேரம் காணாமற்போனால் தேடுவதில்லை. தொலைந்த பணத்தை உழைத்து மீட்கலாம். தொலைந்த மணி நேரத்தை மீட்கும் வழியே இல்லை. மீட்க முடியாததை அலட்சியமாகவும் மீட்கக்கூடியதைக் கண்ணுங்கருத்துமாகவும் காப்பது எவ்வகையிலும் அறிவுடைமையாகாது.

காலத்தைக் காக்க வேண்டும் என்பது சரி. அதை எங்கே செலவிடுவது? இக்கேள்விக்கு விடை தந்தவர் எபிக்டெட்டஸ். அவர் தம் கைப்பட நூல் எதையும் எழுதவில்லை. அவருடைய மாணவர் அர்ரியன் வகுப்பில் கேட்டவற்றைக் குறித்து வைத்தார். ஏறத்தாழ 1900 ஆண்டுகளுக்குப் பிறகும் உலகம் அவரைப் படிப்பதற்கு ஒரு மாணவரின் குறிப்புகளே காரணம். அக்குறிப்புகளிலிருந்து தொகுத்த கையேட்டின் தொடக்கத்திலேயே அடிப்படைப் பாடம் வந்துவிடுகிறது. சில மனிதனின் ஆற்றலுக்கு உட்பட்டவை. சில அதற்கு அப்பாற்பட்டவை. ஒருவரின் கருத்து, விருப்பம், வெறுப்பு, முயற்சி ஆகியன முதல் வகை. உடல்நிலை, சொத்து, புகழ், பதவி ஆகியன இரண்டாம் வகை. முதல் வகையில் உழைப்பைச் செலுத்துபவருக்கு மனம் தடுமாறாது. இரண்டாம் வகையைத் தனதென்று எண்ணிப் பிடித்துக்கொள்பவர் எந்நாளும் பிறரைக் குறை கூறிக்கொண்டே இருப்பார் என்பது அவர் கருத்து.

இதைக் கிள்ளான் மாணவி ஒருவரின் மாலைப்பொழுதோடு பொருத்திப் பார்க்கலாம். அவர் கோலாலம்பூர் செண்ட்ரல் நிலையத்தில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸில் நடக்கும் கூடுதல் வகுப்புக்குச் செல்ல வேண்டும் என்று கொள்வோர் கொள்ளலாம். அதற்கு ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். அன்று கடும் மழை, ரயில் தாமதமாகிறது. மழை அவர் கையில் இல்லை. ரயிலும் அவர் கையில் இல்லை. வகுப்புக்குத் தாமதமாகும் என்று ஆசிரியருக்குத் தகவல் அனுப்புவது அவர் கையில் இருக்கிறது. பையில் உள்ள வரலாற்றுப் புத்தகத்தைத் திறப்பது அவர் கையில் இருக்கிறது. களைப்பாக இருந்தால் கண்ணை மூடிச் சற்று ஓய்வெடுப்பதும் அவர் கையில் இருக்கிறது. நடைமேடையில் நின்று அரை மணி நேரம் எரிச்சல்படுவதால் ரயில் ஒரு நிமிடம்கூட முன்னதாக வராது. தாமதம் பறித்தது அரை மணி நேரம். அதை நினைத்து நினைத்துப் புழுங்கினால், மாலை முழுவதும் பறிபோகும். இரண்டாவது இழப்பை ஏற்படுத்துவது ரயில் அன்று.

தேர்வுக்கும் இப்பாடம் பொருந்தும். ஸ்டோயிக் சிந்தனையை விளக்க வில்லாளன் உவமை ஒன்று பழங்காலத்திலேயே கையாளப்பட்டது. வில்லைத் தேர்ந்தெடுப்பது, பயிற்சி செய்வது, உற்றுக் குறிபார்ப்பது, நாணை விடுவது ஆகிய யாவும் வில்லாளனின் வேலை. அம்பு கையை விட்டுப் போன பிறகு வீசும் காற்று அவனுடையதன்று. எஸ்.பி.எம். தேர்வு எழுதும் மாணவரும் வில்லாளனே. பாடத்தைப் புரிந்து படிப்பதும், பழைய வினாத்தாள்களைச் செய்து பார்ப்பதும், தேர்வுக்கு முந்தைய இரவு நன்கு உறங்குவதும் அவர் கையில் உள்ளன. வினாத்தாளில் என்ன வரும், எந்தப் புள்ளிக்கு எந்தத் தரம் கிடைக்கும் என்பவை அவர் கையில் இல்லை. இதை உணர்ந்தவர் முயற்சியைக் குறைப்பதில்லை. தேர்ச்சிப் பட்டியலை எண்ணி அஞ்சும் நேரத்தை அவர் பாடத்திற்குத் திருப்பி விடுவதால், முயற்சி கூடவே செய்யும்.

இச்சிந்தனை தமிழ் மரபுக்கு அந்நியமானதன்று. செனெக்கா வாழ்ந்த கி.பி. முதலாம் நூற்றாண்டில், ரோமானியப் பேரரசின் வணிகக் கப்பல்கள் மிளகுக்காகச் சேர நாட்டு முசிறிக்கு வந்துகொண்டிருந்தன. அச்சிந்தனை அக்கப்பல்களில் ஏறி வந்தது என்று சொல்வதற்கில்லை. ஒரே கடலின் இரு கரைகளில் மனிதர்கள் ஒரே கேள்வியை எண்ணிப் பார்த்தனர் என்று சொல்லலாம். நன்மைக்கும் தீமைக்கும் பிறரைக் காரணம் காட்டாத மனநிலையைப் புறநானூற்றில் கணியன் பூங்குன்றனார் பாடியுள்ளார். பெரியோரைக் கண்டு வியந்து நிற்பதும் சிறியோரை இகழ்வதும் அம்மனநிலைக்கு ஒவ்வாதவை.

திருக்குறளின் அதிகார அமைப்பும் இங்கு நோக்கத்தக்கது. அறத்துப்பாலின் இறுதியில், 38ஆம் அதிகாரமாக ‘ஊழ்’ நிற்கிறது. மனித ஆற்றலுக்கு மேற்பட்ட ஒன்று உண்டு என்பதை வள்ளுவர் மறைக்கவில்லை. ஆனால், அதோடு அவர் நூலை முடித்துவிடவும் இல்லை. பொருட்பாலில் ‘மடி இன்மை’, ‘ஆள்வினை உடைமை’, ‘இடுக்கண் அழியாமை’ என்ற மூன்று அதிகாரங்கள் 61, 62, 63 என அடுத்தடுத்து வருகின்றன. சோம்பலை விடுவது, முயன்று உழைப்பது, துன்பம் வந்தால் மனம் தளராதிருப்பது என்ற வரிசையே ஒரு நாளுக்குரிய பாடமாக அமைகிறது. ஊழை ஒப்புக்கொண்ட அதே நூல்தான் உழைப்பையும் இவ்வளவு வலியுறுத்துகிறது. ஸ்டோயிக் சிந்தனையாளரின் நிலைப்பாடும் இதற்கு நெருக்கமானதே.

எனினும், இச்சிந்தனைக்கு எதிராக வைக்கப்படும் வாதங்களைப் புறந்தள்ளிவிட முடியாது. “கையில் இல்லாததைப் பற்றிக் கவலைப்படாதே என்றால், அநீதியைக் கண்டும் வாய்மூடி இருக்க வேண்டுமா? எல்லாம் தலைவிதி என்று உட்கார்ந்துவிடுவதற்கு இது வேறொரு பெயர்தானே?” என்று சிலர் கேட்கின்றனர். இது நியாயமான கேள்வி. இதற்கு மலேசியத் தமிழரின் வரலாற்றிலேயே நல்ல விடை இருக்கிறது.

மலாயா 1957இல் விடுதலை பெற்ற காலக்கட்டத்தில், வெளிநாட்டு நிறுவனங்கள் பல தங்கள் இரப்பர்த் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து விற்றனர். தோட்டத் துண்டாடல் என்று அழைக்கப்பட்ட அந்நடவடிக்கையால், தலைமுறை தலைமுறையாகப் பால் மரம் சீவிய தமிழ்த் தொழிலாளர் வேலையையும் குடியிருந்த வீட்டையும் ஒருசேர இழந்தனர். தோட்டத்தை விற்பதா வேண்டாமா என்ற முடிவு தொழிலாளியின் கையில் இல்லை. உலகச் சந்தையில் இரப்பரின் விலையும் அவர் கையில் இல்லை. அன்று எல்லாரும் தலைவிதி என்று இருந்திருக்கலாம்.

அவ்வாறு இருக்கவில்லை. அமைச்சராகவும் மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவராகவும் விளங்கிய துன் வீ. தி. சம்பந்தன், தொழிலாளர்களே ஒன்றுசேர்ந்து தோட்டத்தை வாங்கும் வழியைக் காட்டினார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தோட்டந்தோட்டமாகச் சென்று அவர் தொழிலாளரைச் சந்தித்தார். தொழிலாளர் தங்கள் குறைந்த வருமானத்திலிருந்து சிறுதொகையைப் பங்குப் பணமாகச் செலுத்தினர். அடுத்த ஆண்டே கெடா மாநிலத்தில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. பின்னர் மேலும் பல தோட்டங்கள் சங்கத்தின் உடைமையாயின. தோட்டத்தின் விற்பனையைத் தனியொரு தொழிலாளியால் தடுக்க முடியாது. சம்பளத்திலிருந்து சில வெள்ளியை எடுத்து வைக்க அவரால் முடியும். தன்னால் முடிந்ததைப் பலரும் ஒன்றாகச் செய்தபோது, முன்பு கைக்கு எட்டாதது கைக்கு எட்டியது.

இன்று பிரிக்பீல்ட்ஸின் முதன்மைச் சாலை துன் சம்பந்தன் பெயரைத் தாங்கி நிற்கிறது. அச்சாலையைக் கடக்கும் மாணவர் இவ்வரலாற்றை எண்ணிப் பார்ப்பது தகும். கையில் இல்லாததை அறிவது என்பது, கையைக் கட்டிக்கொண்டு நிற்பது அன்று. எங்கே தள்ளினால் கதவு திறக்கும் என்று அறிந்து அங்கே தள்ளுவதாகும். சுவரோடு மோதி நாளைக் கழிப்பவரும் சுவரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு நாளைக் கழிப்பவரும் இறுதியில் ஒரே இடத்தில்தான் நிற்கின்றனர்.

மற்றோர் எதிர்வாதம் இதைவிடக் கூர்மையானது. துன்பத்தில் துடிப்பவரிடம் போய், “மனத்தை அடக்கிக்கொள், எல்லாம் மனத்தில்தான் இருக்கிறது” என்று சொல்வது இரக்கமற்ற செயல் அல்லவா என்பதே அது. 2021ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் சிலாங்கூரைத் தாக்கிய வெள்ளத்தை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். ஒரு மாதத்தில் பெய்யக்கூடிய மழை ஒரே நாளில் கொட்டியதாக அப்போது அதிகாரிகள் தெரிவித்தனர். கிள்ளான் ஆற்றங்கரையில் அமைந்த தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகள் மூழ்கின. மக்கள் மாடிகளிலும் கூரைகளிலும் ஏறி உதவிக்குக் காத்திருந்தனர். பலர் வாழ்நாள் சேமிப்பை இழந்தனர். உயிரிழப்பும் நேர்ந்தது. அத்தகைய நிலையில் இருந்தவரிடம் தத்துவம் பேசுவது சற்றும் பொருந்தாது.

இவ்வாதம் உண்மையே. ஆனால், அது ஸ்டோயிக் சிந்தனையை மறுக்கவில்லை. அதைத் தவறாகப் பயன்படுத்துவோரையே மறுக்கிறது. மார்க்கஸ் அரேலியஸ் எழுதிய சிந்தனைகள் பிறருக்கு அறிவுரை கூறுவதற்காக எழுதப்பட்டவை அல்ல. கொள்ளைநோயும் எல்லைப் போர்களும் பேரரசை வாட்டிய காலத்தில், அவர் தமக்குத் தாமே கிரேக்க மொழியில் எழுதிக்கொண்ட குறிப்புகள் அவை. ஆகவே, கையில் உள்ளது, இல்லாதது என்ற அளவுகோலை ஒருவர் தன்மீது வைத்துப் பார்க்க வேண்டும். பிறருடைய துன்பத்தின்மீது வைக்கக் கூடாது. பிறர் துன்பத்தைக் காண்பவருக்குரிய கேள்வி ஒன்றே: “இதில் என் கையில் இருப்பது என்ன?”

அந்த வெள்ளத்தின்போது பலர் அக்கேள்விக்குச் செயலால் விடை தந்தனர். படகு வைத்திருந்தோர் படகோடு வந்தனர். கோயில்களிலும் குருத்துவாராக்களிலும் பள்ளிவாசல்களிலும் உணவு தயாரித்து வழங்கப்பட்டது. வெள்ளம் வடிந்த பின், முன்பின் அறியாதோர் துடைப்பமும் வாளியுமாக வந்து சேறு படிந்த வீடுகளைக் கழுவிக் கொடுத்தனர். மழையை நிறுத்த அவர்களால் முடியவில்லை. ஒரு வீட்டின் சேற்றை அள்ள முடிந்தது. மனிதர் யாவரும் ஒரே உடலின் உறுப்புகளைப் போல ஒருவருக்கொருவர் உதவப் பிறந்தவர்கள் என்று மார்க்கஸ் அரேலியஸ் கருதினார். பிறருக்கு உதவாத மன அமைதி அவர்கள் போற்றிய மன அமைதியே அன்று.

பிரிக்பீல்ட்ஸில் இன்னொரு பாடமும் அன்றாடம் கண்முன் நடக்கிறது. 1951இல் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கே இயங்குகிறது. அதனால், வெண்கோலுடன் நடந்து செல்வோரை அவ்வட்டாரத்தில் இயல்பாகக் காணலாம். அவர்களுள் பலர் உடற்பிடிப்புத் தொழில் உள்ளிட்ட பல வேலைகளைச் செய்து சொந்தக் காலில் நிற்கின்றனர். பார்வை அவர்கள் கையில் இல்லை. செவிப்புலனையும் தொடுவுணர்வையும் நினைவாற்றலையும் கூர்மையாக்கிக்கொள்வது அவர்கள் கையில் இருக்கிறது. அதே வேளையில், நடைபாதையில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி அவர்கள் வழியை மறிக்காமல் இருப்பது பார்வையுள்ளோரின் கையில் இருக்கிறது. ஒருவருடைய மனவுறுதியைப் பாராட்டிவிட்டு, அவர் பாதையில் தடையை வைப்பது போலித்தனம். அவரவர் பங்கை அவரவர் செய்வதே முறை.

இனி, இன்றைய மாணவரின் நாளை மிகுதியாக விழுங்கும் கைப்பேசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது எப்போதும் கையில் இருக்கும் பொருள். ஆயினும், அதனுள் நடப்பவற்றில் பெரும்பாலானவை கையில் இல்லாதவை. பதிவேற்றிய படத்திற்கு எத்தனை பேர் விருப்பம் தெரிவிப்பார்கள், புலனக் குழுவில் யார் என்ன எழுதுவார்கள், தோழியின் விடுமுறைப் பயணம் எவ்வளவு இனிமையாக இருந்தது என்பனவெல்லாம் பிறரைச் சார்ந்தவை. எபிக்டெட்டஸ் சொன்ன இரண்டாம் வகையை நாள் முழுவதும் கொண்டுவந்து கொட்டும் கருவி அது. அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. எப்போது எடுப்பது, எப்போது வைப்பது, எதற்காக எடுப்பது என்பவை மட்டும் மாணவரின் கையில் உள்ளன. அவற்றையும் விட்டுக்கொடுத்தால், கைப்பேசி மாணவர் கையில் இருக்கிறது என்பதைவிட மாணவர் கைப்பேசியின் கையில் இருக்கிறார் என்பதே பொருத்தம்.

நாளை நன்கு பயன்படுத்துவது என்றவுடன், ஓய்வின்றி உழைப்பது என்று பொருள்கொள்வோரும் உண்டு. அது தவறான புரிதல். இடைவிடாது உழைக்கும் மனம் விரைவில் சோர்ந்துவிடும் என்று செனெக்காவே எழுதியுள்ளார். திறந்த வெளியில் நடப்பதும் போதிய ஓய்வு பெறுவதும் மனத்திற்கு வலிமை தரும் என்பது அவர் கருத்து. மாலையில் பூப்பந்து விளையாடும் மாணவர் நாளை வீணாக்கவில்லை. பாட்டிக்குப் பக்கத்தில் அமர்ந்து பழைய தோட்டத்துக் கதைகளைக் கேட்கும் பேத்தியும் நாளை வீணாக்கவில்லை. விளையாடும்போது வீட்டுப்பாடத்தை எண்ணிக் கலங்குவதும், வீட்டுப்பாடம் செய்யும்போது விளையாட்டை எண்ணி ஏங்குவதும்தான் வீண். அப்படிப்பட்டவர் இரண்டு இடங்களிலும் இல்லாமல் நாளைக் கழிக்கிறார்.

இச்சிந்தனையை அன்றாட வாழ்வில் கடைப்பிடிக்கப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை. காலை, பகல், இரவு என்ற மூன்று வேளைகளிலும் சிறிதளவு கவனம் செலுத்தினால் போதும்.

காலையில் எழுந்தவுடன், அன்று எதிர்ப்படக்கூடிய இடையூறுகளைச் சற்று எண்ணிப் பார்ப்பது முதல் பழக்கம். நன்றி மறந்தோரையும் செருக்குள்ளோரையும் பொறாமை கொண்டோரையும் இன்று சந்திக்க நேரிடும் என்று மார்க்கஸ் அரேலியஸ் விடியற்காலையிலேயே தமக்கு நினைவூட்டிக்கொண்டார். அவர்கள்மீது வெறுப்புக் கொள்வதற்காக அவர் அப்படிச் செய்யவில்லை. வெறுப்புக் கொள்ளாமல் இருப்பதற்காகவே செய்தார். குடையோடு புறப்பட்டவரை மழை கோபப்படுத்துவதில்லை. அதுபோல, குழுப்பணியில் ஒருவர் தம் பகுதியை முடிக்காமல் வரக்கூடும் என்று எண்ணிச் செல்லும் மாணவர், அது நடக்கும்போது சினம் கொள்ளாமல் அடுத்து ஆக வேண்டியதைப் பார்ப்பார்.

பகலில் ஏதேனும் தடை நேரும்போது, ஒரு நொடி நின்று “இது என் கையில் உள்ளதா?” என்று கேட்பது இரண்டாவது பழக்கம். உள்ளது என்றால் உடனே செயலில் இறங்க வேண்டும். “நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்” என்று தள்ளிப்போடக் கூடாது. முழுவதும் கையில் இல்லை என்றால், அதில் கையில் உள்ள பகுதி எதுவென்று தேட வேண்டும். பெரும்பாலும் ஒரு சிறு பகுதியாவது கிடைக்கும். அப்பகுதியைச் செய்து முடித்த பிறகு மனத்தை அடுத்த வேலைக்குத் திருப்ப வேண்டும்.

இரவில் உறங்குமுன் அன்றைய நாளுக்குக் கணக்குப் பார்ப்பது மூன்றாவது பழக்கம். விளக்கை அணைத்து வீடு அமைதியான பின், அன்றைய சொல்லையும் செயலையும் ஒன்றுவிடாமல் எண்ணிப் பார்ப்பதைச் செனெக்கா வழக்கமாகக் கொண்டிருந்தார். இன்று எந்தக் குறையைத் திருத்திக்கொண்டேன், எதில் முன்னேறினேன் என்பன போன்றவை அவ்வேளைக்குரிய கேள்விகள். இதில் தன்னைத் தானே திட்டிக்கொள்ள இடமில்லை. செய்த பிழையைக் கண்டு, மீண்டும் செய்வதில்லை என்று முடிவெடுத்து, தன்னை மன்னித்துவிட்டு உறங்குவதே செனெக்கா காட்டிய முறை. மளிகைக் கடைக்காரர் இரவில் கல்லாப்பெட்டியை எண்ணிவிட்டுக் கடையை அடைப்பதைப் போன்றது இது. எண்ணாமல் அடைத்தால், எங்கே நட்டம் என்று தெரியாமலேயே கடை நொடித்துப்போகும்.

இவற்றைக் கற்பித்தவர்கள் குறையே இல்லாத மனிதர்கள் அல்லர். எளிமையைப் போற்றிய செனெக்கா பெருஞ்செல்வராக வாழ்ந்ததை அவர் காலத்தவரே குறைகூறினர். ஆயினும், மருத்துவருக்கே காய்ச்சல் வந்தாலும் அவர் தரும் மருந்து பலன் தராமல் போவதில்லை. நாள்தோறும் முயன்று, நாள்தோறும் தவறி, மறுநாள் மீண்டும் தொடங்கியவர்கள் என்பதாலேயே அவர்களுடைய எழுத்து மாணவர்களுக்குத் துணையாக அமைகிறது.

கோலாலம்பூர் 1881இல் முதலில் தீயாலும் பின்னர் வெள்ளத்தாலும் அழிவுற்றது. மரத்தாலும் அத்தாப்பாலும் கட்டிய வீடுகள் நிலைக்கவில்லை. அதன் பிறகு, நகரைச் செங்கல்லாலும் ஓட்டாலும் மீண்டும் கட்டத் திட்டமிடப்பட்டது. அதற்கான செங்கற்களை உருவாக்கிய சூளைகள் இருந்த இடமே இன்று பிரிக்பீல்ட்ஸ் என்று அழைக்கப்படுகிறது. தீயும் வெள்ளமும் அம்மக்களின் கையில் இருக்கவில்லை. அடுத்த செங்கல்லை உறுதியாகச் சுடுவது அவர்கள் கையில் இருந்தது. வாழ்க்கையையும் செயல் செயலாகவே கட்டியெழுப்ப வேண்டும் என்று மார்க்கஸ் அரேலியஸ் எழுதினார். நேற்றைய நாள் சுட்டு அடுக்கப்பட்டுவிட்டது; நாளைய நாளுக்கு மண் இன்னும் வந்து சேரவில்லை. இன்று கையில் இருப்பது ஒரு நாள். அதை நன்கு சுட்டு வைப்பதே மாணவரின் கடமை.